கையெழுத்துக்குப் பின் என்ன நடக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுற்றுச்சூழல் தொடர்பான பன்னாட்டு உடன்படிக்கைகளை நாடுகள் எவ்வாறு கடைப்பிடிக்கின்றன என்பதைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகள் இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: உலகத்துக்கென்று ஒரு காவல்துறை இல்லை. ஓர் அரசைக் கைதுசெய்து சிறையில் அடைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அப்படியிருக்க, உடன்படிக்கையில் ஒரு நாடு கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் மீறினால் யார் கேட்கப் போகிறார்கள்?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கையெழுத்து மட்டும் ஒரு நாட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. கையெழுத்திட்ட பிறகு, அந்நாடு தன் அரசியலமைப்பு முறைப்படி ஏற்புறுதி அளிக்க வேண்டும். அதன் பிறகே கடமை பிறக்கிறது. புவியை வெப்பமாக்கும் வாயுக்களின் வெளியீட்டைக் குறைப்பதற்கான கியோட்டோ நெறிமுறையில் அமெரிக்கா 1998ஆம் ஆண்டு கையெழுத்திட்டது. ஆனால் ஏற்புறுதி அளிக்கவே இல்லை. எனவே அந்நெறிமுறை ஒரு நாள்கூட அமெரிக்காவைக் கட்டுப்படுத்தவில்லை.

மீறினால் யார் கேட்பார்கள் என்பதற்கு உடன்படிக்கைக்கு உடன்படிக்கை விடை மாறுகிறது. தண்டனையை எழுத்திலேயே வைத்திருந்த உடன்படிக்கைகளில் ஒன்று கியோட்டோ நெறிமுறை. தன் வரம்பைத் தாண்டி வெளியிட்ட ஒவ்வொரு டன் வாயுவுக்கும் 1.3 டன் வீதம் அடுத்த காலகட்டத்தின் ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கப்படும் என்று அது விதித்தது. கனடா தன் வெளியீட்டை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 6 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் 2008இல் அதன் வெளியீடு 1990ஐ விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. கணக்கு முடிக்கும் நாள் நெருங்கியபோது, வரம்பைச் சரிக்கட்ட ஏறத்தாழ 1,400 கோடி கனடிய டாலர் செலவாகும் என்று காரணம் காட்டி, 2011 டிசம்பரில் கனடா அந்நெறிமுறையிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. விலகல் ஓர் ஆண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. தண்டனை எவ்வளவு கடுமையாக எழுதப்பட்டிருந்தாலும், வெளியேறும் வழி திறந்திருக்கும்வரை அது யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை என்பதை அன்று உலகம் கண்டது.

இதற்கு நேர்மாறாக, தண்டனை வேலை செய்த நேரங்களும் உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள காட்டுயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் உள்ளது. ஆங்கிலச் சுருக்கத்தால் அதை ‘சைட்டிஸ்’ என்று அழைக்கிறோம். தாய்லாந்து அதில் உறுப்பினராக இருந்தும் தேவையான உள்நாட்டுச் சட்டத்தை இயற்றவில்லை. 1991இல் தாய்லாந்துடன் காட்டுயிர் வணிகத்தையே நிறுத்துமாறு மற்ற உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்நாட்டின் ஆர்க்கிட் மலர் ஏற்றுமதிக்கு அடி விழுந்தது; அடுத்த ஆண்டே புதிய காட்டுயிர்ச் சட்டம் இயற்றப்பட்டு, தடையும் விலக்கப்பட்டது. இங்கே தண்டனை, உடன்படிக்கை எதைப் பற்றியதோ அந்த வணிகத்தின் மேலேயே விழுந்தது. அதுவும் உடனடியாக விழுந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நாடு உடன்படிக்கைக்கு முழுமையாக இணங்கி நடந்தது என்றால், அதனால் இயற்கைக்கு நன்மை விளைந்தது என்று பொருளாகிவிடாது. ரஷ்யாவும் உக்ரைனும் கியோட்டோவில் ஏற்ற இலக்கு, 1990ஆம் ஆண்டு அளவைத் தாண்டாதிருப்பது மட்டுமே. சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வெளியீடு தானாகவே வெகுவாகக் குறைந்துவிட்டது. எந்த முயற்சியும் இன்றியே இரு நாடுகளும் இலக்கை எட்டின. ஆகவே ஒரு நாட்டின் ஒழுக்கத்தை மதிப்பிடும்போது, அது சொன்னதைச் செய்ததா என்பதோடு, எதைச் சொன்னது என்பதையும் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு காலத்தில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கான வாயு தயாரிக்கப்பட்டது, பின்னர் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு நெருக்கடிக்கு இந்தியா பணிந்ததால்தான் நிறுத்தப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை என்ன?
வாசகர், மேட்டூர்

பதில்: நீங்கள் சொல்வது சி.எஃப்.சி எனப்படும் குளோரோ ஃபுளூரோ கார்பன் வாயுக்கள். குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி., நுரைப்பஞ்சு, தெளிப்பான் குப்பிகள் ஆகியவற்றில் அவை உலகெங்கும் பயன்பட்டன. அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என்று மோலினா, ரோலண்ட் ஆகிய அறிவியலாளர்கள் 1974இல் எழுதினார்கள். அண்டார்க்டிக்காவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் நெறிமுறை உருவானது. இன்று 198 தரப்புகள் அதில் உள்ளன. உலகில் எந்த நாடும் வெளியில் இல்லை.

பணிந்ததாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. இந்தியாவும் சீனாவும் தொடக்கத்தில் சேர மறுத்தன. ஓசோனைச் சிதைத்த வாயுக்களில் மிகப் பெரும்பங்கை வெளியிட்டவை செல்வ நாடுகள். மாற்றுப்பொருளின் தொழில்நுட்பமும் அந்நாடுகளின் நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. அப்படியிருக்க, ஏழை நாடு மட்டும் தன் செலவில் ஆலையை மூடிவிட்டு, மாற்றுப்பொருளையும் அவர்களிடமே விலைக்கு வாங்க வேண்டுமா என்ற கேள்வியை 1990 லண்டன் கூட்டத்தில் இந்தியா எழுப்பியது. அன்று சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி அங்கு உறுதியாக நின்றார். அதன் விளைவாக, வளரும் நாடுகளின் மாற்றச் செலவுக்கு உதவும் பலதரப்பு நிதியம் பிறந்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் என்றும், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் அது 24 கோடியாக உயரும் என்றும் முடிவானது. இந்தியா 1992இல் சேர்ந்தது.

அந்த நிதியத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அதை நடத்தும் செயற்குழுவில் வளர்ந்த நாடுகள் ஏழு, வளரும் நாடுகள் ஏழு. பணம் தருபவர் கையே மேலோங்கியிருக்கும் உலகில் இப்படியொரு சமநிலை அரிது. நிதியம் இதுவரை 400 கோடி டாலருக்கும் அதிகமாகத் திரட்டியிருக்கிறது. இந்தியாவின் சி.எஃப்.சி உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதற்கு 1999இல் 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் மொத்தமாகக் கைமாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆலைகளின் உற்பத்தி வெளியாரால் தணிக்கை செய்யப்பட்டு, ஒப்புக்கொண்ட அளவுக்குள் இருந்தால்தான் அடுத்த தவணை வந்தது. உள்நாட்டில் இதற்குச் சட்ட வலு தர, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டில் தனி விதிகள் இயற்றப்பட்டன.

வளரும் நாடுகளுக்கு வகுக்கப்பட்ட கால அட்டவணை இது: 1995 முதல் 1997 வரையிலான சராசரி அளவைத் தாண்டாமல் 1999இல் நிறுத்தி வைத்தல், 2005க்குள் பாதி, 2007க்குள் 85 விழுக்காடு, 2010இல் முழு நிறுத்தம். ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் மருந்துக் குழல்களுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டு, இந்தியா 2008 ஆகஸ்ட் 1 முதலே உற்பத்தியை நிறுத்திவிட்டது. கெடுவுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் முன்பாகவே. மேட்டூர் ஆலையும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்ததுதான்.

இந்த வரலாற்றில் குறைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். சி.எஃப்.சிக்கு மாற்றாக வந்த எச்.சி.எஃப்.சி-22 என்ற வாயுவைத் தயாரிக்கும்போது, கரியமில வாயுவைப் போலப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் எச்.எஃப்.சி-23 துணைவிளைவாக உண்டாகிறது. அதை எரித்து அழிப்பதற்குக் கியோட்டோ நெறிமுறையின்கீழ் விற்கத்தக்க வரவுப் புள்ளிகள் தரப்பட்டன. சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த சில ஆலைகளுக்கு, தயாரித்த பொருளை விற்பதைக் காட்டிலும் கழிவை எரிப்பதில் வருமானம் கூடுதலாகக் கிடைத்தது. கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டும் ஆபத்து எழுந்தது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் புள்ளிகளை ஏற்க மறுத்த பிறகே அது அடங்கியது. ஓர் உடன்படிக்கையின் விதி, இன்னோர் உடன்படிக்கையின் நோக்கத்தைக் குலைக்கக்கூடும் என்பதை நாடுகள் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டன. 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் நெறிமுறை திருத்தப்பட்டு, எச்.எஃப்.சி வாயுக்களும் அதன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. இந்தியா அதற்கு 2021இல் ஏற்புறுதி அளித்தது. 2028இல் பயன்பாட்டின் உயர்வை நிறுத்தி, 2047க்குள் 85 விழுக்காடு குறைப்பது நம் கடமை.

கேள்வி: நாடுகள் தாங்களே கணக்கெடுத்துத் தாங்களே அறிக்கை தருகின்றன. அதில் பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?
கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: மிக நுட்பமான கேள்வி. பெரும்பாலான உடன்படிக்கைகள், நாடுகள் ஆண்டுதோறும் தாமாக அளிக்கும் புள்ளிவிவரத்தின் மேல்தான் நிற்கின்றன. சில சமயம் அரசு பொய் சொல்லுவதில்லை. தன் எல்லைக்குள் நடப்பது அரசுக்கே தெரியாமல் போகிறது. அதற்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன்.

சி.எஃப்.சி-11 என்ற வாயுவின் உற்பத்தி 2010க்குப் பின் உலகில் எங்குமே இல்லை என்பதுதான் நாடுகள் அளித்த கணக்கு. ஏற்கெனவே காற்றில் கலந்தது மெல்லமெல்ல அழிய வேண்டும். ஹவாய்த் தீவின் மௌனா லோவா முதலான நிலையங்களில் காற்று மாதிரிகளை ஆண்டுக்கணக்காக அளந்துவந்த அமெரிக்க ஆய்வாளர்கள், 2012க்குப் பின் அந்த வாயு குறையும் வேகம் பாதியாகத் தளர்ந்துவிட்டதைக் கண்டார்கள். யாரோ எங்கோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை. 2018 மே மாதம் இதை வெளியிட்டபோது, கிழக்காசியாவை நோக்கி மட்டுமே அவர்களால் விரல் நீட்ட முடிந்தது. அதே ஆண்டில் ஓர் ஆய்வு அமைப்பினர் சீனாவின் நுரைப்பஞ்சுத் தயாரிப்பாளர்களிடம் விசாரித்தபோது, பலர் இந்த வாயுவைப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். மாற்றுப்பொருளைவிட அது மலிவு என்பதே காரணம். 2019இல், தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் உள்ள நிலையங்களின் அளவீடுகளைக் காற்றோட்டக் கணிப்புகளோடு இணைத்து, புதிய வெளியீட்டில் 40 முதல் 60 விழுக்காடு வரை சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களை ஒட்டிய கிழக்குப் பகுதியிலிருந்து வருகிறது என்று பன்னாட்டு ஆய்வுக் குழு நிறுவியது. சீன அரசு சோதனைகளை முடுக்கியது. 2021இல் வெளியான ஆய்வுகள், 2019க்குள்ளாகவே வெளியீடு பழைய நிலைக்கு இறங்கிவிட்டதைக் காட்டின.

இதில் எனக்கு நம்பிக்கை தருவது, சீனா தண்டிக்கப்படவில்லை என்றாலும் தவறு நின்றது என்பதே. கவலை தருவதும் ஒன்று உண்டு. ஜெஜுவிலும் ஹதெருமாவிலும் நிலையங்கள் இருந்ததால்தான் மீறல் நடந்த இடம் தெரிந்தது. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பெரும் பரப்புகளில் இத்தகைய நிலையங்கள் மிகக் குறைவு. அங்கே இதே போன்ற மீறல் நடந்தால், நடக்கிறது என்பது தெரியவரும். எங்கே என்பது தெரியவராது.

கேள்வி: கணக்குத் தருவதற்கே இயலாத நாடுகள், உண்மையிலேயே பணம் இல்லாததால் தவறும் நாடுகள் ஆகியவற்றையும் மீறியவை என்றே சொல்வது முறையா?
ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: முறையல்ல. மாண்ட்ரியல் நெறிமுறை இதை 1992இலேயே உணர்ந்து வழிசெய்தது. ஐந்து வட்டாரங்களிலிருந்து இருவர் வீதம் பத்து நாடுகள் கொண்ட செயலாக்கக் குழு ஒன்று, தவறிய நாட்டை அழைத்துக் காரணம் கேட்கிறது. முதலில் உதவி, அடுத்து எச்சரிக்கை, கடைசியாகத்தான் உரிமைகளை நிறுத்திவைத்தல் என்பது வரிசை. எங்களால் இயலவில்லை என்று ஒரு நாடே முன்வந்து சொல்லவும் அதில் இடம் உண்டு.

1995இல் ரஷ்யா அப்படித்தான் சொன்னது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த நிலையில், 1996 கெடுவுக்குள் சி.எஃப்.சி உற்பத்தியை நிறுத்த இயலாது என்றது. மற்ற நாடுகள் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தன. கூடவே ஆலைகளை மூடுவதற்குப் பணமும் திரட்டித் தந்தன. ரஷ்யா அந்த முடிவைக் கடுமையாக எதிர்த்தது. ஆயினும் 2000ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு கையில் கட்டுப்பாடும் மறு கையில் உதவியும் இருந்ததால் நடந்தது அது. கட்டுப்பாடு மட்டும் இருந்திருந்தால் ரஷ்யாவும் கனடாவைப் போலவே விலகிப்போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: நடுக்கடலில் கப்பல்கள் எண்ணெய்க் கழிவைக் கொட்டினால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. அங்கே எந்த உடன்படிக்கை செல்லும்?
துறைமுகத் தொழிலாளர், தூத்துக்குடி

பதில்: உடன்படிக்கையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணெய்க் கப்பல் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது, நிலைகுலையாமல் இருக்கக் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். பழைய கப்பல்களில் அந்த பேலஸ்ட் நீரை எண்ணெய் இருந்த தொட்டிகளிலேயே நிரப்புவார்கள். தொட்டியின் சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய் அந்த நீரில் கலக்கும். அடுத்த துறைமுகத்தை அடைவதற்கு முன் அதை அப்படியே கடலில் இறைத்துவிடுவார்கள். விபத்தில் கொட்டும் எண்ணெயே செய்தியாகிறது. ஆனால் இந்த அன்றாட வழக்கத்தால் கடலில் கலந்தது அதைவிடப் பன்மடங்கு.

1954ஆம் ஆண்டின் முதல் உடன்படிக்கை, கரையிலிருந்து 50 மைலுக்குள் இவ்வளவுக்கு மேல் எண்ணெய் கலந்த நீரைக் கொட்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. பின்னர் வந்த திருத்தம், ஒரு மைல் தூரத்துக்கு 60 லிட்டர் என்று இன்னும் துல்லியமாக வரம்பு வகுத்தது. எண்ணிக்கை துல்லியமாக இருந்தும் பயன் ஏற்படவில்லை. இரவில், நடுக்கடலில், ஒரு கப்பல் மைலுக்கு எத்தனை லிட்டர் இறைக்கிறது என்பதை யார் அளப்பது? கண்டுபிடித்தாலும், வழக்குத் தொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் அக்கப்பல் எந்த நாட்டின் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டிடம்தான் இருந்தது. அந்நாடுகள் அக்கறை காட்டவில்லை.

1973இலும் 1978இலும் உருவான ‘மார்போல்’ உடன்படிக்கை கேள்வியையே மாற்றிக் கேட்டது. கடலில் என்ன செய்கிறாய் என்று கேட்பதை விட்டு, உன் கப்பல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டது. பேலஸ்ட் நீருக்குத் தனித் தொட்டி இருக்க வேண்டும், சரக்குத் தொட்டிகளைக் கச்சா எண்ணெயைக் கொண்டே கழுவும் கருவி பொருத்தப்பட வேண்டும் என்று விதித்தது. தனித் தொட்டி இருக்கிறதா இல்லையா என்பதைத் துறைமுகத்தில் நிற்கும் ஓர் அதிகாரி நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம். சான்றிதழ் இல்லாத கப்பலைத் தடுத்து நிறுத்தும் உரிமை எந்தத் துறைமுக நாட்டுக்கும் கிடைத்தது. தரச்சான்று வழங்கும் நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அத்தகைய கப்பலைத் தொட மறுத்தன. அதுவரை கொட்டாமலிருக்க மறந்துபோன அதே கப்பல் உரிமையாளர்கள், செலவு கூடுதல் என்றாலும், விதிப்படியே கப்பல் கட்டினார்கள். மீறலுக்கு அவர்களிடம் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

நம் பகுதியிலும் துறைமுக நாட்டுச் சோதனைக்காக இந்தியப் பெருங்கடல் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று உள்ளது. அதன் செயலகம் கோவாவில் இயங்குகிறது. தூத்துக்குடிக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறி ஆவணங்களைக் கேட்கும் இந்திய அதிகாரி, அந்தப் பன்னாட்டு உடன்படிக்கையின் கண்ணாகவே அங்கு நிற்கிறார். இயந்திர அறைக் கழிவை ரகசியக் குழாய் பொருத்திக் கடலில் விடும் குற்றம் இன்னும் ஒழியவில்லை. ஆனால் அதுவும் கப்பல் ஊழியர்கள் கொடுக்கும் தகவலால் வெளிவருகிறது. 2013இல் ஓர் உல்லாசக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் தந்த தகவலின் பேரில் தொடங்கிய வழக்கில், 2016இல் அக்கப்பலின் நிறுவனம் 4 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. உங்களைப் போலத் துறைமுகத்தில் பணிபுரிகிறவர்களின் கண்ணும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி.

கேள்வி: பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்குக் கழிவுக் கொள்கலன்கள் வந்த விடயத்தில் பன்னாட்டுச் சட்டம் உதவியதா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உதவியது, ஆனால் மெதுவாக. 2017 முதல் 2019 வரை, பயன்படுத்திய மெத்தைகளும் தரைவிரிப்புகளும் என்ற பெயரில் 263 கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. மருத்துவமனைக் கழிவும் அவற்றில் இருப்பதாக இலங்கைச் சுங்கத் துறை தெரிவித்தது. தீங்கான கழிவுகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டின் பாசெல் உடன்படிக்கையில் இரு நாடுகளும் உறுப்பினர்கள். அனுப்பும் நாடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பெறும் நாட்டின் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதமின்றி வந்ததை அனுப்பிய நாடு, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதன் 9ஆம் உறுப்பு சொல்கிறது.

சட்டம் 30 நாள் என்றது. கடைசிக் கொள்கலன்கள் கொழும்பை விட்டுப் புறப்பட்டது 2022 பெப்ரவரியில். அதற்கிடையில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தலையிட வேண்டியிருந்தது. உடன்படிக்கையின் வாசகம் வழக்காடுவோர் கையில் ஆயுதமாக இருந்தது. வழக்குத் தொடுக்க ஒருவரும் முன்வராதிருந்தால் அந்த வாசகம் தாளில் கிடந்திருக்கும்.

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் உள்ளது. அது கெட்டுப்போனால் ராம்சர் அமைப்பு என்ன செய்யும்?
வாசகி, சென்னை

பதில்: ராம்சர் என்பது ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை. அது அபராதம் போடாது. நிலை மோசமான ஈரநிலங்களுக்கென்று மாண்ட்ரோ பதிவேடு என ஒன்று வைத்திருக்கிறது. அதில் சேர்ப்பதற்கும் அந்தந்த நாட்டின் சம்மதம் தேவை. ஒடிசாவின் சிலிகா ஏரி வண்டல் படிந்து, உவர்ப்புக் குறைந்து, 1993இல் அதில் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது, மீன்வளம் மீண்டது, 2002இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ராஜஸ்தானின் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்டக் ஏரியும் இன்னும் அதில்தான் உள்ளன. தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் அதிகாரம், 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் வழியாகவும் பசுமைத் தீர்ப்பாயம் வழியாகவும், நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பன்னாட்டு உடன்படிக்கையை அரசு மீறுகிறது என்று ஒரு குடிமகன் இந்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியுமா?
சட்ட மாணவர், மதுரை

பதில்: உடன்படிக்கை நம் நாட்டில் நேரடியாகச் சட்டமாகிவிடுவதில்லை, அரசியலமைப்பின் 253ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றலாம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளைச் செயல்படுத்தவே 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று அதன் முகப்புரையே கூறுகிறது. சில சமயம் இதில் பெருந்தாமதம் ஏற்படுகிறது. சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் சேர்ந்தது. அதற்கெனத் தனி அத்தியாயம் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம்தான் சேர்ந்தது.

சட்டம் இல்லாத இடத்தை நீதிமன்றங்கள் நிரப்பியதும் உண்டு. அதில் தலையாயது நம் பாலாற்றங்கரை மக்களின் வழக்கு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு முழுமையாக நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. பன்னாட்டு மாநாடுகளில் பேசப்பட்ட கோட்பாடுகள் ஆம்பூர், வாணியம்பாடி விவசாயிகளின் வழக்கின் வழியாக இந்தியா முழுமைக்குமான சட்டமாயின. தமிழர்கள் இதை இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும். நெதர்லாந்திலும் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 2020க்குள் வெளியீட்டை 1990 அளவிலிருந்து குறைந்தது 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் அரசுக்கு ஆணையிட்டது.

கேள்வி: பாரிஸ் காலநிலை உடன்படிக்கையில் தண்டனையே கிடையாது என்கிறார்கள். அமெரிக்கா விலகுகிறது, சேர்கிறது, மீண்டும் விலகுகிறது. இதை நம்புவதில் பொருள் உண்டா? இந்தியா என்ன செய்கிறது என்பதை எங்கே பார்ப்பது?
வாசகர், திருநெல்வேலி

பதில்: கியோட்டோவில் இலக்கைப் பேச்சுவார்த்தை தீர்மானித்தது, பாரிஸில் ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலக்கை அறிவிப்பதும், முன்னேற்றத்தை அறிக்கையிடுவதும் கட்டாயம். இலக்கை எட்டுவது கட்டாயமில்லை. 12 பேர் கொண்ட குழு ஒன்று உள்ளது. அது இலக்கையோ அறிக்கையையோ தராத நாட்டைக் கேள்வி கேட்கலாம்; தந்த இலக்கை எட்டாத நாட்டை அந்த ஒரு காரணத்துக்காகக் கேட்க முடியாது. மாண்ட்ரியல் நெறிமுறையோடு ஒப்பிடும்போது இது மிகவும் தளர்வானது. என் மதிப்பீட்டில், நம் காலத்தின் மிகப் பெரிய ஆபத்துக்குப் போதுமானதும் அன்று. ஆனால் அன்று சில நிறுவனங்கள் தயாரித்த சில வாயுக்களே பிரச்சினை. இன்று நிலக்கரியும் எண்ணெயும் ஒவ்வொரு வீட்டின் அடுப்பிலும் விளக்கிலும் இருக்கின்றன. தண்டனையோடு எழுதியிருந்தால் பல நாடுகள் சேர்ந்தே இருக்க மாட்டா.

அண்மையில் ஒரு மாற்றம் வந்துள்ளது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி வைத்த முயற்சியை வனுவாட்டு அரசு ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுசென்றது. அதன் பேரில் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று தன் கருத்துரையை ஒருமனதாக வழங்கியது. இலக்கைத் தானே தீர்மானிக்கும் நாடும் மனம்போன போக்கில் தீர்மானிக்க முடியாது, இயன்ற உச்ச முயற்சி அதில் இருக்க வேண்டும், உடன்படிக்கைக்கு வெளியே இருக்கும் நாட்டுக்கும் பொதுச் சட்டத்தின்படி கடமை உண்டு என்று அது கூறியது. கருத்துரை எந்த அரசையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடுவோர் அதை மேற்கோள் காட்டுவார்கள்.

இந்தியா 2024 டிசம்பரில் ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கையின்படி, 2005க்கும் 2020க்கும் இடையில் நம் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்குமான வாயு வெளியீடு 36 விழுக்காடு குறைந்திருக்கிறது; 2030க்கான இலக்கு 45 விழுக்காடு. இது வெளியீட்டின் அடர்த்தியைப் பற்றிய கணக்கு. மொத்த வெளியீடு பற்றியதன்று என்பதை வாசிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும். மின் உற்பத்தி நிறுவு திறனில் பாதி புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து வர வேண்டும் என்ற 2030 இலக்கை 2025லேயே எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. அதுவும் நிறுவிய திறன்தான். ஆண்டு முழுவதும் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கே இன்னும் பெரிது. இந்த அறிக்கைகள் அனைத்தும் ஐ.நா. காலநிலை அமைப்பின் இணையதளத்தில், எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. ஓசோன் செயலகத்தின் தளத்திலும் ஒவ்வொரு நாட்டின் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். மாநில அளவில் ஈரநிலங்கள், இறக்குமதியாகும் கழிவுகள் ஆகியவை பற்றிய விவரங்கள் தேவைப்பட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும்.